வி எழுத்தின் வடிவில் ஒரு கிடார்: கண்ணுக்கா, கைக்கா?

என்னிடம் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு நாள் ஆய்வக வகுப்பு முடிந்த பின்னும் புறப்படாமல் நின்றுகொண்டிருந்தார். ஊர்த் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் மெல்லிசைக் குழுவில் கிடார் வாசிப்பவர் அவர். இரண்டு ஆண்டுகள் வாசித்துச் சேர்த்த பணத்தில் சொந்தமாக ஒரு மின் கிடார் வாங்க விரும்பினார். கடையில் ஒரே விலையில் இரண்டு கருவிகள் இருந்தனவாம். ஒன்று எல்லோரும் அறிந்த வடிவம். மற்றொன்று ஆங்கில 'வி' எழுத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல், பின்புறம் இரு சிறகுகள் நீண்ட வடிவம்.

"சார், இந்த ஷேப்புக்கே தனி சவுண்டுன்னு கடைக்காரர் சொல்றார். நிஜமா?" என்று கேட்டார்.

"வேடிக்கைக்குச் செய்தது. சாதாரணமானதையே வாங்கு, தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கடைக்காரர் சொன்னதற்கு ஆதாரம் இல்லைதான். ஆனால் நான் சொன்னதற்கு மட்டும் என்ன ஆதாரம்? இரண்டு ஆண்டு உழைப்பின் பணம் அது. ஆகவே இந்த வடிவத்தை அதற்குரிய முறையில் ஆராய்ந்து பார்ப்பதென்று முடிவு செய்தோம். அந்த ஆராய்ச்சியின் முடிவுகளே இக்கட்டுரை.

இவ்வடிவம் பிறந்த கதை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் கலாமசூ என்ற நகரில் கிப்சன் நிறுவனத்தின் தொழிற்சாலை இருந்தது. 1950-களில் அதன் தலைவராக இருந்தவர் டெட் மெக்கார்ட்டி. போட்டியாளரான ஃபெண்டர் நிறுவனம் 1954-ல் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர், வளைந்த கொம்புகளோடு புதுமையாகத் தோன்றியது. அதன் முன் கிப்சன் கருவிகள் பழமையானவை என்ற பேச்சு எழுந்தது. அதற்கு விடையாக 1958-ல் கிப்சன் இரண்டு கிடார்களை வெளியிட்டது. ஒன்று 'பறக்கும் வி' என்று பொருள்படும் ஃபிளையிங் வி. மற்றொன்று கோணல் மாணலாக வெட்டிய மின்னல் கீற்றைப் போன்ற எக்ஸ்ப்ளோரர். இரண்டும் கொரினா என்று வணிகப் பெயரிட்ட ஆப்பிரிக்க லிம்பா மரத்தால் ஆனவை.

விற்பனை என்னவாயிற்று? 1958, 1959 ஆகிய இரு ஆண்டுகளிலும் சேர்த்து நூற்றுக்கும் குறைவான வி கிடார்களே தொழிற்சாலையை விட்டு வெளியேறின. எக்ஸ்ப்ளோரரின் கதி அதனினும் மோசம். தயாரிப்பு நிறுத்தப்பட்டது. பின்னர் புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் போன்றோர் கையில் இது புகழ் பெறவே, 1967-ல் மகோகனி மரத்தில் மீண்டும் தயாராயிற்று. அன்று விலை போகாத 1958-ஆம் ஆண்டுக் கருவிகள் இன்று லட்சக்கணக்கான டாலருக்கு விற்கின்றன. விலை ஏறியதால் மட்டும் கருவி நல்லதாகிவிடாது. விற்காமற்போனதால் மட்டும் கெட்டதாகிவிடவும் இல்லை. சந்தையின் தீர்ப்பை ஒதுக்கிவிட்டு இயற்பியலின் தீர்ப்பைக் கேட்போம்.

ஒலி எங்கே பிறக்கிறது?

நம் வீணையை எண்ணிப் பாருங்கள். தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தை அடைகிறது. உள்ளீடற்ற குடமும் அதன் மேற்பலகையும் காற்றை அசைத்து ஒலியைப் பெருக்குகின்றன. அங்கே உடலின் வடிவமும் பருமனும் ஒலியின் உயிர். மின் கிடாரின் உடலோ கெட்டியான மரப்பலகை. மின்சாரம் இல்லாமல் மீட்டினால் பக்கத்து அறைக்குக் கூடக் கேட்காது.

இங்கே ஒலியைப் பிடிப்பது, தந்திகளுக்கு அடியில் பதித்த பிக்கப் என்னும் உறுப்பு. நிலைக்காந்தத்தின் மேல் மெல்லிய செம்புக்கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றியது அது. காந்தத்தின் அருகே உள்ள எஃகுத் தந்தியும் காந்தத்தன்மை பெறுகிறது. அது அதிரும்போது சுருளின் வழியே செல்லும் காந்தப் பாயம் மாறுகிறது. 1831-ல் ஃபாரடே கண்ட மின்காந்தத் தூண்டல்படி, சுருளில் மின்னியக்கு விசை தோன்றுகிறது. பெருக்கி அதை ஒலியாக்குகிறது. ஃபிளையிங் வி கிடாரில் சேத் லவர் வடிவமைத்த இரட்டைச் சுருள் பிக்கப்புகள் இரண்டு உண்டு. சுருள்கள் எதிரெதிராக அமைந்திருப்பதால் மின் இணைப்பிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தந்தியின் ஒலி மட்டும் கூடும்.

ஆய்வகத்தில் சுரமானியை வைத்து நீங்கள் சரிபார்த்த விதியை நினைவு கூருங்கள். தந்தியின் அதிர்வெண் அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றையே சார்ந்தது. உடலின் வடிவம் அந்த வாய்பாட்டில் இல்லை. கிடாரின் தடித்த தந்தி 82.4 ஹெர்ட்சில் அதிர வேண்டுமென்றால், வி வடிவிலும் அதே அதிர்வெண்தான், சதுரப் பலகையிலும் அதேதான்.

ஒலியின் பண்பை, அதாவது மேற்சுரங்களின் கலவையைப் பெரிதும் மாற்றுவது பிக்கப் இருக்கும் இடம். திறந்த தந்தியின் நீளத்தில் நான்கில் ஒரு பங்குத் தொலைவில் பிக்கப் இருந்தால், நான்காம் சீரிசையின் கணு அங்கே அமையும். ஆகவே அந்தச் சீரிசை அநேகமாகப் பதிவாகாது. குதிரையை ஒட்டிய பிக்கப்பில் அடிப்படை அதிர்வின் வீச்சு குறைவு. மேற்சுரங்களின் பங்கு அதிகம். அதனால் ஒலி கூர்மையாக இருக்கும். பலகையின் விளிம்பை எப்படி வெட்டினாலும் இந்தத் தொலைவுகள் மாறுவதில்லை.

இதற்குச் சுவையான சான்று ஒன்றுண்டு. 1940-ஐ ஒட்டி லெஸ் பால் என்ற அமெரிக்கக் கலைஞர் நான்கு அங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் தந்திகளையும் பிக்கப்பையும் பொருத்தி வாசித்தார். சபையோர் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஒரு சாதாரணக் கிடாரை இரண்டாக அறுத்து அக்கட்டையின் இருபுறமும் ஒட்டினார். வரவேற்பு பெருகியது. பாதி ஒலியை மக்கள் கண்ணால் கேட்கிறார்கள் போலும்!

ஆனால் வடிவத்துக்கு ஒலியில் பங்கே இல்லை என்று சொல்வதும் பிழையாகும். தந்தியோடு கழுத்தும் உடலும் சிறிதளவு அதிர்கின்றன. கழுத்தின் இயல்பு அதிர்வெண்ணும் வாசிக்கும் சுரத்தின் அதிர்வெண்ணும் ஓரிடத்தில் பொருந்தினால், தந்தியின் ஆற்றல் கழுத்துக்குப் போய்விடும். அந்தச் சுரம் மட்டும் சட்டென்று அடங்கும். உடலில் நிறை எப்படிப் பரவியுள்ளது என்பது இவ்விடங்களைச் சற்றே நகர்த்தும். இது எல்லா மின் கிடார்களுக்கும் பொதுவான குணம். இதைக் கொண்டு 'தனி ஒலி' என்று விளம்பரம் செய்வது, எள்ளளவைப் பனையளவாக்குவதே.

தோளில் தொங்கும்போது

வடிவம் தன் வேலையைக் காட்டும் இடம் காது அல்ல, கை. தோள்வார் இரண்டு குமிழ்களில் மாட்டப்படுகிறது. வார் தோளில் வழுக்கும்போது, கருவி தன் ஈர்ப்பு மையம் தோளுக்கு நேர் கீழே வரும்வரை திரும்பப் பார்க்கும். காவடி தூக்குபவர் ஒரு புறக் கலயத்தில் சற்று அதிகமாக நீர் வைத்துவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான். கிடாரின் தலையில் ஆறு உலோகப் பிருடைகள் உள்ளன. உடல் இலேசாக இருந்தால் தலை தாழ்ந்து தரையை நோக்கும்.

ஒரு கணக்குப் போடுவோம். கிடாரின் நிறை 3 கிலோ என்க. தாங்கும் புள்ளியிலிருந்து ஈர்ப்பு மையம் தலைப்பக்கமாக 4 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்க. அதன் திருப்புத்திறன் 3 × 4 = 12 கிலோ-சென்டிமீட்டர். தாங்கும் புள்ளியிலிருந்து 50 சென்டிமீட்டர் தொலைவில் உள்ள இடக்கை இதை ஈடு செய்ய வேண்டும். 12-ஐ 50-ஆல் வகுத்தால் 0.24 கிலோ. அதாவது சுரம் பிடிக்க வேண்டிய கை, கச்சேரி முழுவதும் ஏறக்குறைய கால் கிலோ எடையையும் சுமந்துகொண்டிருக்கும். மூன்று மணி நேரக் கச்சேரியின் முடிவில் மணிக்கட்டு வலிப்பதில் வியப்பென்ன?

ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மேல் கொம்பு ஏறக்குறைய 12-ஆம் மெட்டு வரை நீள்கிறது. முன் குமிழ் அதன் நுனியில் இருப்பதால் தாங்கும் இடமே தலைப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. வி வடிவில் அக்கொம்பு கிடையாது. ஆனால் அதன் இரு சிறகுகளும் நிறையைப் பின்னுக்குக் கொண்டுபோகின்றன. துலாக்கோலில் எடைக்குண்டைத் தள்ளி வைப்பது போன்றது இது. எனவே கனமான மரத்தில் செய்த வி சமநிலையில் நிற்கும். இலேசான மரத்தில் செய்து கனமான பிருடைகளைப் பூட்டினால் தலை கவிழும். படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. தோளில் மாட்டிப் பார்த்தே அறியலாம்.

சமச்சீரின் பயன்

வி வடிவத்தின் மெய்யான சிறப்பு அதன் சமச்சீர் என்பது என் கருத்து. கழுத்தின் இருபுறமும் உடல் பின்வாங்கிச் செல்வதால், குதிரைக்கு அருகேயுள்ள உயர்ந்த மெட்டுகள் வரை விரல்கள் தடையின்றிச் செல்கின்றன. ஆல்பர்ட் கிங் இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்கான கிடாரைத் தந்திகளை மாற்றாமலே தலைகீழாகத் திருப்பி வாசித்தவர். ஒரு பக்கம் மட்டும் குடைந்த கிடாரைத் திருப்பினால், குடைவு பயன்படாத பக்கம் போய்விடும். வி வடிவைத் திருப்பினாலும் அது வி-தான். கண்ணாடிச் சமச்சீர் என்று நாம் பாடத்தில் படிப்பது அவர் கையில் வசதியாக மாறியது.

தந்தி கைக்கு இலகுவாக இருப்பது வடிவத்தால் என்று சிலர் கருதுகின்றனர். அது தந்தியின் நீளத்தால். கிப்சன் கிடார்களில் பெயரளவு நீளம் 24¾ அங்குலம்; ஃபெண்டரில் 25½ அங்குலம். ஒரே தந்தியை ஒரே சுரத்துக்கு முறுக்கினால் இழுவிசை நீளத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். கணக்கிட்டுப் பாருங்கள்: நீண்டதில் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் அதிகம். முதல் மெட்டின் தூரமும் ஒரு மில்லிமீட்டர் கூடும். ஆகவே வாங்குவோர் அளவு நாடாவையும் கொண்டு செல்வது நன்று.

உட்கார்ந்தால் என்ன செய்வது?

என் மாணவர் வாசிக்கும் குழுவில் கிடார்காரர் நாற்காலியில் அமர்ந்தே வாசிப்பார். சாதாரணக் கிடாருக்கு இடுப்புப் போன்ற குழிவு உண்டு. அது தொடையில் பொருந்தும். வி வடிவுக்கு நேர்க்கோட்டு விளிம்பு. தொடையில் வைத்தால் சறுக்குகிறது. 1958-ல் செய்தவர்களே இதை உணர்ந்து, விளிம்பில் வரிவரியான ரப்பர்ப் பட்டை ஒன்றைப் பதித்தார்கள். குறையைத் தாங்களே ஒப்புக்கொண்டதற்கு அந்தப் பட்டையே சாட்சி. இதை வைத்துத்தான் 'உட்கார்ந்து வாசிப்பவருக்கு இது ஆகாது' என்று நான் அழுத்திச் சொன்னேன்.

இருவரும் கடைக்குச் சென்றோம். மாணவர் முதலில் தோள்வாரை மாட்டிக்கொண்டு இரு கைகளையும் எடுத்துவிட்டார். வி அசையாமல் நின்றது. அடுத்து உட்கார்ந்தார். சறுக்கியது. நான் தலையசைத்தேன். அவரோ கீழ்ச் சிறகை இரு தொடைகளுக்கும் நடுவே நுழைத்து, வி-யின் பிளவை வலத் தொடையில் அமர்த்தினார். கழுத்து மேல்நோக்கி எழுந்தது. மேற்கத்தியச் செவ்வியல் கிடார் கலைஞர்கள் பிடிக்கும் கோணம் அது! மணிக்கட்டு மடங்காமல் நேராக இருந்தது. அடுத்து அதே நாற்காலியில் சாதாரணக் கிடாரை வாசித்தார். பிறகு மீண்டும் வி. "கை இதுலதான் சார் லேசா இருக்கு" என்றார்.

என் கணக்கில் பிழை இல்லை. என் ஊகத்தில் பிழை இருந்தது. பொருளை ஒரே நிலையில் வைத்துச் சோதித்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது என்று வகுப்பில் போதிக்கும் நானே அதைச் செய்துவிட்டேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இது சாதாரண உறைக்குள் அடங்காது. கூட்டமான பேருந்தில் சிறகு நுனிகள் இடிபடும். சுவரில் சாய்த்து வைத்தால் விழும். பின்னோக்கிச் சாய்ந்த தலையுடைய கிடார் விழுந்தால் கழுத்து முறியும் அபாயம் உண்டு. மாணவர் பார்த்த கருவியில் ரப்பர்ப் பட்டையும் இல்லை. இத்தனையும் அறிந்தே அவர் வி-யை வாங்கினார். பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டி விளிம்பில் ஒட்டினோம். சறுக்கல் நின்றது. உராய்வின் பயனுக்கு இதைவிட எளிய செய்முறை வேண்டுமா?

முடிவாக

அசாதாரண வடிவக் கிடாரை வாங்க எண்ணும் இளைஞர்களுக்கு நான்கு சோதனைகளைப் பரிந்துரைக்கிறேன். தோளில் மாட்டிக் கையை விடுங்கள். தலை தாழ்கிறதா பாருங்கள். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் இருக்கையில் பல விதமாக அமர்ந்து பாருங்கள். ஒவ்வொரு மெட்டிலும் ஒரு சுரம் மீட்டி, எது சீக்கிரம் அடங்குகிறது என்று கேளுங்கள். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு, வேறொருவரை இரண்டு கருவிகளையும் வாசிக்கச் சொல்லுங்கள். அப்போது கேட்பதே ஒலி, மற்றது காட்சி.

காட்சியைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. கண்ணுக்குப் பிடித்த கருவியைக் கை அடிக்கடி தேடும். அடிக்கடி தேடினால் பயிற்சி வளரும். ஆனால் அழகுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்குவது வேறு, அழகையே ஒலி என்று நம்பி ஏமாறுவது வேறு. அந்த வேறுபாட்டைக் காட்ட ஒரு சுரமானியும் திருப்புத்திறன் விதியும் போதும். அவை நம் பள்ளி ஆய்வகங்களிலேயே இருக்கின்றன.