‘அல்லது’ செய்யும் கோளாறு யாருடையது?

ஜாவாஸ்கிரிப்ட் படிக்கத் தொடங்குபவர் எப்படியும் ஒருநாள் இப்படி ஒரு நிபந்தனை எழுதுவார்: நிறம் === "சிவப்பு" || "பச்சை". (மாறிக்குத் தமிழ்ப் பெயர் வைத்தாலும் அந்த மொழி ஏற்றுக்கொள்ளும்.) நிறம் நீலமாக இருந்தாலும் இது தேறிவிடும். ஒப்பீடு இடப்பக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அது பொய்யானால் ‘அல்லது’ குறியான || வலப்பக்கத்து "பச்சை"யை அப்படியே எடுத்துக் கொடுக்கிறது. காலியாக இல்லாத எந்த ஸ்ட்ரிங்கும் அங்கே உண்மையாகவே கொள்ளப்படும்.

இதைப் படிப்பவரின் கவனக்குறைவு என்று ஒதுக்குவது வழக்கம். நான் ஒப்பமாட்டேன். இதே வரியை ஜாவாவில் எழுதினால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். ||இன் இருபுறமும் உண்மை, பொய் தவிர வேறெதையும் அது ஏற்காது. ஜாவாஸ்கிரிப்ட் மூச்சுவிடாமல் ஓட்டுகிறது. பிழை கண்ணில் படவேண்டுமானால் ஈஎஸ்லிண்ட் போன்ற தனிக் கருவி வேண்டும்.

மதிப்பையே திருப்பித் தரும் வழக்கம் பெர்லிலும் உண்டு, அதில் வசதியும் இருக்கிறது என்பார்கள். வசதிதான். ஆனால் அளவு = உள்ளீடு || 10 என்று எழுதிவிட்டு, பயனர் 0 கொடுத்தால் என்ன ஆகும்? 0 பொய்க் கணக்கில் சேர்ந்து, அளவு 10 ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் ?? வந்தது இதற்காகத்தான், இடப்பக்கம் நல் அல்லது அன்டிஃபைன்ட் ஆக இருந்தால் மட்டுமே அது வலப்பக்கம் போகும். அதையும் ||ஐயும் அடைப்புக்குறி இல்லாமல் கலந்தால் நிரலே ஓடாது. ‘மற்றும்’ குறியான &&ஐ ||உடன் கலப்பவருக்கு இந்தக் கண்டிப்பு இன்றுவரை இல்லை; && முந்திக்கொள்ளும் என்பதை அவர்தான் நினைவில் வைக்கவேண்டும்.

ஆனால் நிறம் !== "சிவப்பு" || நிறம் !== "பச்சை" என்று எழுதுபவருக்காக என்னால் வாதாட முடியாது. எந்த நிறமும் ஒரே நேரத்தில் இரண்டாகவும் இருக்காது. ஆகவே இது எப்போதும் உண்மை. எந்த மொழியில் எழுதினாலும் இதே கதைதான். இத்தனைக்கும் தமிழ் நமக்கு விடையைக் கையில் கொடுத்திருக்கிறது. ‘சிவப்பும் அல்ல, பச்சையும் அல்ல’ என்றுதானே சொல்கிறோம்? அந்த ‘உம்’தான் &&.

முதல் இரண்டு பிழைகளுக்கு மொழி பொறுப்பு. மூன்றாவதற்கு எழுதியவரே பொறுப்பு.