கருமையில் மணக்கும் ஹாப்: பிளாக் ஐ.பி.ஏ. மரபும் அளவுகோலும்

கரிய பியர் புதியதன்று. லண்டன் போர்ட்டர், அயர்லாந்து ஸ்டவுட், ஜெர்மனியின் ஷ்வார்ஸ்பியர் என அதற்கு நெடிய பரம்பரை உண்டு. அவற்றிலெல்லாம் முன்னே நிற்பது வறுத்த மால்ட். ஹாப் பூ துணைக்கு வருவது. இந்த வரிசையை மாற்றி, கரிய பியரில் ஹாப்பை முன்னே நிறுத்தியவர்கள் அமெரிக்கக் கைவினை மதுவடிப்பாளர்கள். அவர்கள் தந்த பிளாக் ஐ.பி.ஏ. (கரிய இந்தியா பேல் ஏல்) வயதில் இளையது. ஆயினும் அதற்குள் தனித்தனிப் பாணிகளும் தெளிவான இலக்கணமும் அதற்கு அமைந்துவிட்டன.

முதலாவது வெர்மான்ட் பாணி. கருமை கண்ணுக்கு மட்டும், நாவில் ஹாப்பே நிற்க வேண்டும் என்பது இதன் கொள்கை. பர்லிங்டன் நகரில் கிரெக் நூனன் 1988இல் திறந்த மதுக்கூடத்தில், 1990களின் தொடக்கத்தில் வடித்த 'பிளாக்வாட்ச் ஐ.பி.ஏ.' இவ்வகையின் முன்னோடியாகப் பரவலாக ஏற்கப்படுகிறது. அவரிடம் பணியாற்றிய ஜான் கிம்மிச் பிற்பாடு தம் 'ஆல்கெமிஸ்ட்' மதுக்கூடத்திலும் கரிய ஐ.பி.ஏ. வடித்து அந்த வழியைத் தொடர்ந்தார்.

இரண்டாவது வடமேற்குப் பாணி. ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் அமெரிக்க ஹாப் சாகுபடியின் முக்கிய மையங்கள். ஒரிகனில் உருவாகி 1972இல் வெளியான காஸ்கேட் ரகம் அமெரிக்க ஐ.பி.ஏ.வின் மணத்தையே வகுத்தது. பைன் பிசினும் சாத்துக்குடித் தோலும் கலந்த அந்த மணத்தோடு, வறுத்த மால்ட்டின் சுவையும் சற்றே தெரிய வேண்டும் என்பது இவர்கள் கொள்கை. தங்கள் பியரைக் 'காஸ்கேடியன் டார்க் ஏல்' என்றே அழைத்தார்கள். டெஷூட்ஸ் ஆலையின் 'ஹாப் இன் த டார்க்' இதற்கு நல்ல சான்று.

மூன்றாவது தென் கலிபோர்னியாவின் அழுத்தமான பாணி. ஸ்டோன் நிறுவனம் 2007இல் தன் 11ஆம் ஆண்டு நிறைவுக்கு வடித்த கரிய ஏல், 8.7 விழுக்காடு ஆல்கஹாலும் கடுங்கசப்பும் கொண்டது. இவ்வகையைத் தொலைதூரம் கொண்டு சென்றதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

பியர் நடுவர் சான்றளிப்பு அமைப்பான பி.ஜே.சி.பி.யின் 2015 இலக்கணப்படி, ஆல்கஹால் 5.5 முதல் 9 விழுக்காடு. கசப்பு 50 முதல் 90 ஐ.பி.யு. எண்களைவிட முக்கியமானது ஒரு விதி: கருகல் வாடை கூடாது. கடைசி மடக்கு வறட்சியாக முடிய வேண்டும். நாக்கில் பாகு போலத் தங்கக் கூடாது.

கருகலைத் தவிர்க்கும் நுட்பம் மால்ட்டில் இருக்கிறது. தானியத்தின் உமி கருகும்போதுதான் காட்டமான துவர்ப்பு ஏறுகிறது. பாம்பெர்க் நகரின் வையர்மன் ஆலை உமி நீக்கிய பின் வறுத்துத் தரும் 'கராஃபா ஸ்பெஷல்' மால்ட், நிறத்தை முழுதாகத் தந்து துவர்ப்பைத் தவிர்க்கிறது. சிலர் கரிய மால்ட்டைக் குளிர்ந்த நீரில் தனியே ஊறவைத்துச் சாற்றை மட்டும் சேர்ப்பார்கள். நொதித்தலுக்குப் பின் கொதிக்கவைக்காமல் போடும் ஹாப்தான் மணத்தைக் கொடுக்கிறது.

சுவைக்கும்போது பத்துப் பன்னிரண்டு டிகிரிக் குளிர் போதும். அதற்கும் கீழே மணம் அடங்கிவிடும். கண்ணாடிக் குவளையை வெளிச்சத்தில் உயர்த்தினால் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும்; மேலே பழுப்பு நுரை. பருகுமுன் முகருங்கள். முதலில் பிசினும் பழத்தோலும், அடுத்து மெல்லக் கோகோ. வாயிலும் அதே வரிசைதான் வர வேண்டும். காப்பிக்கொட்டைக் காந்தல் முந்திக்கொண்டால் அது ஹாப் மிகுந்த ஸ்டவுட், பிளாக் ஐ.பி.ஏ. ஆகாது.

மூன்று பாணிகளிலும் என் வாக்கு வெர்மான்ட்டுக்கே. கருமையைக் கண்ணுக்குத் தந்து, நாவை ஹாப்புக்கு விட்டுவிடும் அந்த அடக்கமே இவ்வகையின் உயர்ந்த தரம். எந்தப் பாணியை நாடினாலும், புட்டியில் அடைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஹாப் மணம் சில மாதங்களில் மங்கிவிடும். இந்தப் பியரைப் புதிதாகப் பருகுவதே முறை.