தரை டிக்கெட்: கொட்டகை நினைவுகள் குறித்து ஒரு தகராறு

சிறுநகரத்துச் சினிமாக் கொட்டகைகள் இடிபட இடிபட, அவை பற்றிய நினைவுக் கட்டுரைகள் பெருகுகின்றன. மணல் தரை, கார்பன் வெளிச்சம், இடைவேளை முறுக்கு, படம் போடுவதற்கு முன் ஒலிபெருக்கியில் சீர்காழியின் பக்திப் பாட்டு. எல்லாம் உண்மைதான். எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் இந்தக் கட்டுரைகளில் எப்படியும் ஒரு வாக்கியம் வந்துவிடுகிறது: அங்கே எல்லாரும் சமம். இந்த வாக்கியத்தோடுதான் எனக்குத் தகராறு.

இதற்குச் சாட்சியாக அழைக்கப்படுபவர் கா. சிவத்தம்பி. தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981-இல் ஆங்கிலத்தில் வந்த நூலில் அவர் ஒன்றைச் சொல்கிறார். தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்த முதல் நிகழ்த்துவெளி சினிமாக் கொட்டகை. அங்கே இருக்கையைத் தீர்மானித்தது சமூகப் படிநிலை அல்ல, வாங்கும் சக்தி. முக்கியமான அவதானிப்பு, மறுப்பதற்கில்லை. நம்மவர்கள் முன்பாதியை எடுத்துக்கொண்டு வாங்கும் சக்தியை விட்டுவிடுகிறார்கள். நான் கேட்க வேண்டியது அந்தப் பின்பாதியைப் பற்றித்தான். ஒரு ரூபாய் எல்லார் கையிலும் ஒரே ரூபாயாக இருந்ததா?

1975. எனக்கு ஒன்பது வயது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கூர். 'உரிமைக்குரல்' மதுரையில் ஓடி முடித்து எங்கள் கொட்டகைக்கு வந்திருந்தது. அப்பாவுக்குத் தோல்ஷாப்பில் வேலை. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் சேர்ந்த வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அன்றைக்குக் கையில் போனஸ் காசு. ஒருநாளாச்சும் சேர்ல உக்காந்து பாப்போம் என்று கூட்டிப்போனார். எங்களுக்கு முன்னால் நின்றவருக்குச் சேர் டிக்கெட் கிழித்துக் கொடுத்த கை, அப்பா நோட்டை நீட்டியதும் நின்றது. "சேர் முடிஞ்சிருச்சு. தரைக்குப் போ." அப்பா தயங்கினார். "இப்பத்தான அவுகளுக்குக் குடுத்தீக?" "முடிஞ்சிருச்சுங்கிறேன்ல." எங்களுக்குப் பின்னால் வந்தவர்களும் சேருக்குத்தான் போனார்கள். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அப்பா பார்க்கவில்லை.

வாங்கும் சக்தி இருந்தது. வாங்க முடியவில்லை. சாதியிலிருந்து பணத்துக்கு மாறிய வெளி என்று கொட்டகையைச் சொல்லும்போது, பணத்தை வாங்கிக்கொள்ளும் கையைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தக் கைக்கு எங்கள் தெரு தெரியும். பெரிய நகரத்தில் தெரியாமல் போயிருக்கலாம். சிறுநகரத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்று நெகிழ்ந்து எழுதுகிறார்களே, அதன் இன்னொரு பக்கம் இது.

இதோடு நிறுத்தினால் நானும் பாதிதான் சொன்னவன் ஆவேன். தரையில் அப்பா மணலைக் குவித்து மேடு கட்டி என்னை அதன்மேல் உட்கார வைத்தார். பின்னாலிருந்தவர் "மறைக்குதுய்யா" என்றதும் கொஞ்சம் கரைத்தார். எம்ஜிஆர் வந்ததும் விசிலடித்தார். எங்கள் தெருவைத் தாண்டினால் துண்டை இடுப்பில் கட்டுகிற மனிதர், அத்தனை பேர் நடுவில் விசிலடித்ததை அன்றுதான் பார்த்தேன். கோயிலில் கருவறைக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்பது சாதிக் கணக்கு. கூத்தில் ஊர்ப் பெரியவர்களுக்கு முன்வரிசை. சினிமாவில் பக்கத்தில் உட்கார்ந்தால் கழுத்து நோகும், அதனால் தூரமான இடம் விலை கூடியதாயிற்று. இதில் புரட்சி ஏதுமில்லை, பெரிய திரையின் கோளாறு. ஆனாலும் சேர்க்காரர்கள் எங்கள் தலைகளுக்கு மேலாக, எங்கள் சத்தத்தினூடேதான் படம் பார்த்தாக வேண்டியிருந்தது.

தரையும் ஒன்றாக இருக்கவில்லை. இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள். எந்தத் தெருப் பெண்கள் எந்த மூலையில் என்பது அங்கேயும் எழுதாத சட்டம். "தள்ளி உக்காரு" என்ற சொல் இருட்டிலும் கேட்கும் என்பாள் அம்மா. ஆண்கள் எழுதிய நினைவுகளில் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே நடப்பதில்லை.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996-இல் எழுதிய கட்டுரையொன்றில், தமிழ்ப் பண்பாட்டு மேட்டிமையினர் சினிமாவைக் கண்டு கொண்ட அருவருப்பை விவாதிக்கிறார். அந்த அருவருப்பும் இன்றைய ஏக்கமும் எதிரெதிராகத் தெரிகின்றன. இரண்டிலும் தரை டிக்கெட் ஒரு கூட்டம்தான். முன்பு அது நாறியது. இப்போது அழகாகிவிட்டது. ஆள் யாரென்று அன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

பழங்கதை என்று தள்ள முடியாது. 2023 மார்ச் 30, 'பத்து தல' வெளியான நாள். சென்னையில் ஒரு திரையரங்கில் நரிக்குறவர் குடும்பத்தினர் கையில் டிக்கெட்டோடு வாசலில் நிறுத்தப்பட்டார்கள். காணொளி பரவியது. குழந்தைகளின் வயதையும் படத்தின் யு/ஏ சான்றிதழையும் காரணம் சொன்னது நிர்வாகம். பிறகு உள்ளே விட்டார்கள். தரை போய், பெஞ்சு போய், நம்பர் போட்ட இருக்கை வந்த பிறகும் வாசலில் ஒரு கை இருக்கிறது.

அன்றிரவு வீட்டுக்கு நடக்கும்போது, சேர் என்னாச்சு என்று அம்மா கேட்டாள். "தரையிலதான் படம் நல்லாத் தெரியுது" என்றார் அப்பா. மிச்சக் காசில் எனக்குக் கலர் வாங்கிக் கொடுத்திருந்தார். தரை டிக்கெட்டுதான் சுகம் என்று பிற்பாடு நண்பர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அது என் ருசி என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா அன்றைக்கு விழுங்கியதைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது, இதை எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.