இசைப் படங்களிற் கமராவும் கத்தரியும்

இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்த தமிழ் மரபு, அவை ஓரரங்கிற் கூடும்போது எதன் பின்னே எது செல்லவேண்டும் என்னும் வினாவையும் விடாது ஆராய்ந்தது. சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதையிலே குழலும் யாழும் தண்ணுமையும் ஒன்றன் நெறியை மற்றொன்று பற்றிச் சென்ற முறைமையை இளங்கோவடிகள் விரித்துரைத்தமை இதற்குச் சான்றாகும். கருவிகள் பலவாயினும் அவை தத்தம் விருப்பின்படி முழங்கவில்லை. ஒன்று வழிகாட்ட ஏனையவை அதற்கு இடங்கொடுத்து நின்றன. இக்காலத்து இசைப் படத்தை, அஃதாவது ஒரு தனிப்பாடலுக்கென எடுக்கப்படும் மூன்று நான்கு நிமிடச் சலனப்படத்தை, மதிப்பிடப் புகுவார்க்கும் இவ்வினாவே முதற்கண் எழவேண்டும். கண்ணுக்குரிய காட்சி பாட்டின் வழி நிற்கின்றதா, அன்றிப் பாட்டைத் தன் பின்னே இழுத்துச் செல்கின்றதா?

இது வீண் ஆராய்ச்சியன்று. பாட்டைக் காதாற் கேட்போன் அதற்கேற்ற காட்சியைத் தன் உள்ளத்திலே தானே சமைத்துக்கொள்கின்றான். படம் வந்ததும் அவன் சமைத்தது கலைந்து, பிறர் சமைத்தது அவ்விடத்திற் குடியேறுகின்றது. ஒருமுறை கண்டபின் அதனை வெளியேற்றுதல் அரிது. ஆகவே பொருந்தாத படம் தான் கெடுவதோடு அமையாது, பாட்டையும் கெடுத்துவிடுகின்றது. அமெரிக்காவில் இசைப் படங்களுக்கென்றே தோன்றிய எம்.ரீ.வீ. என்னும் தொலைக்காட்சி நிலையம் 1981 ஆகஸ்ட் 1ஆம் திகதி முதன்முதல் ஒளிபரப்பியது, காணொளி வந்து வானொலிக் கலைஞனைக் கொன்றது என்னும் பொருள்படும் தலைப்பையுடைய பாடலையே. நகைச்சுவையாகச் செய்த தெரிவெனினும் அதனுள் ஓர் உண்மை உண்டு.

எம்.ரீ.வீ.க்கு ஆறு ஆண்டுகள் முற்பட்டது குயீன் குழுவினரின் 'பொஹீமியன் றப்சடி'. 1975இல் புறூஸ் கவர்ஸ் என்பார் சில மணித்தியாலங்களுள் ஒளிநாடாவிற் பதிவுசெய்த இப்படத்திலே இன்றைய கண்ணுக்குப் புதுமை யாதுமில்லை. இருளிலே நான்கு முகங்கள். பட்டை தீட்டிய கண்ணாடியாற் பலவாகப் பெருகும் உருவங்கள். கமராவை அதன் படத்தையே காட்டும் திரைக்கு நேரே திருப்புவதால் வாலாக நீண்டு தேயும் முகம். இவை மலிவான உபாயங்களே. எனினும் அவை ஏன் இன்றும் பிழையாகத் தோன்றவில்லை? அப்பாடலின் நடுப்பகுதியிலே சிலரது குரலே மீண்டும் மீண்டும் ஒன்றன்மேலொன்றாகப் பதியப்பட்டுப் பெருங்கூட்டத்தின் ஓசையாயிற்று. குரல் பெருகிய அவ்விடத்திலேயே முகமும் பெருகுகின்றது. ஓசை எதிரொலித்துத் தேயும்போது உருவமும் தேய்கின்றது. ஒலிப்பதிவிலே நிகழ்ந்ததனை ஒளிப்பதிவு வேறொரு மொழியிற் சொல்லியது; வேறொன்றும் செய்யவில்லை. பின்வந்தோர் பலர் இவ்வுபாயத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு, ஒற்றைக்குரல் தனித்து நின்று இரங்கும் பாடல்களிலும் முகத்தைப் பதினாறாகப் பெருக்கினர். அங்கே காரணம் இல்லை. கண்ணாடி மாத்திரம் இருந்தது.

ஒரே பாடலுக்கு இரண்டு படங்கள் எடுக்கப்பெற்று, ஒன்று வீழ்ந்து மற்றொன்று நின்ற வரலாறு திறனாய்வாளனுக்குக் கிடைத்தற்கரிய வாய்ப்பாகும். நோர்வே நாட்டு ஆ-ஹா குழுவினரின் 'ரேக் ஒன் மீ' அத்தகையது. 1984இல் வந்த முதற்படத்திலே குழுவினர் நீலப் பின்னணியின் முன் நின்று பாடுகின்றனர்; வாத்தியம் இசைக்கின்றனர். குற்றம் என்று சுட்டுதற்கு ஒன்றுமில்லை. நினைவில் நிற்பதற்கும் ஒன்றுமில்லை. 1985இல் ஸ்ரீவ் பரன் நெறிப்படுத்திய இரண்டாவது படத்திலே, தேநீர்ச்சாலையில் இருந்து சித்திரக்கதை படிக்கும் ஒரு பெண்ணை நோக்கிப் பென்சிற் கோட்டுருவான ஒருவன் தாளினின்றும் கைநீட்டுகின்றான். அவளும் அத்தாளினுட் புகுகின்றாள். நடிகர்களை உள்ளபடி படம்பிடித்து, அதன்பின் ஒவ்வொரு படத்தையும் பென்சிலாற் பிரதிசெய்யும் முறையிலே ஏறக்குறைய 3,000 சித்திரங்கள் பதினாறு வாரங்களில் வரையப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபரிலே அப்பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. இடையே பாடலும் புதிதாக ஒலிப்பதிவு செய்யப்பட்டதாகலின் வெற்றி முழுவதையும் படத்தின்மேல் ஏற்றுதல் நேர்மையன்று. ஆயினும் படத்தின் தகுதி வேறு வழியாலும் புலப்படும். பல்லவியிலே பாடகரின் குரல் கீழ்நிலையிற் றொடங்கிப் படிப்படியாக ஏறி, இயற்கைக் குரலின் எல்லையைக் கடந்து கள்ளக்குரலிற் சென்று முடிகின்றது. ஒரு நிலையினின்றும் மறு நிலைக்குத் தாண்டுதலே அவ்விசையின் உயிர். கோட்டுருவம் தசையுருவமாகத் தாண்ட முயல்வதே அப்படத்தின் கதை. கதைச்சட்டத்தின் இருபுறமும் நின்று இருவரும் நோக்குமிடத்திலே, சட்டத்துட் கோடும் சட்டத்துக்கு வெளியே உயிருமாக ஒரே முகம் தோன்றுதலைக் கண்டவர் அதனை எளிதின் மறவார். பென்சில் அங்கே அலங்காரமன்று.

இனிப் படத்தொகுப்பு. பயிலாதோர் அனைவரும் முதலிற் செய்வது தாளந்தோறும் வெட்டுதலாகும். பறையடி விழுந்தவுடன் காட்சி மாறும். அடுத்த அடிக்கு மீண்டும் மாறும். பத்து விநாடிகளில் இது இன்பந் தரும். ஒரு நிமிடத்திற் சலிப்புத் தரும். ஏனெனில் அடுத்த வெட்டு எங்கே விழும் என்பதனைக் காண்போன் முன்னரே அறிந்துவிடுகின்றான். மாணவன் ஒருவன் செய்யுளைச் சீர்சீராகப் பிரித்து அலகிட்டு உரக்கப் படித்தால் யாப்பு விளங்கும், பாட்டு விளங்காது. தேர்ந்த தொகுப்பாளர் சில அடிகளை வெட்டாது விடுவர். சிலவற்றில் தாளத்துக்குச் சற்று முன்னரோ பின்னரோ வெட்டுவர். வெட்டுக்குப் பதிலாக நடிப்போன் தலைதிருப்புதலையோ கதவு அடைபடுதலையோ தாளத்தில் விழவைப்பர்.

தாளத்தோடு இயைதல் தன்னளவிற் குற்றமன்று என்பதனை மிஷேல் கோன்ட்ரி நிறுவிக்காட்டினார். கெமிக்கல் பிறதர்ஸ் குழுவினரின் 'ஸ்ரார் கிற்றார்' என்னும் இசைக்கு 2002இல் அவர் எடுத்த படம் முழுவதும் ஓடும் புகையிரதத்தின் யன்னலூடே தோன்றும் காட்சியே. பாடுவோர் இல்லை, கதை இல்லை. பிரான்சின் தென்பகுதியில் நீமுக்கும் வலான்சுக்கும் இடைப்பட்ட பாதையிலே பலமுறை பயணஞ்செய்து பிடித்த படங்களைக் கணினியால் ஒட்டி, தூண்கள், பாலங்கள், தொழிற்சாலைகள், கடந்துசெல்லும் வண்டிகள் யாவும் இசையின் ஒவ்வோர் ஒலிக்கும் ஒவ்வொன்றாக வரும்படி அவர் அமைத்தார். முதல் நிமிடத்திற் பார்ப்போர் பலர் இதனைக் கவனிப்பதில்லை. ஏதோ ஒரு பயணக்காட்சி என்றே கருதுவர். பின்னர்த் தூணொன்று அடியொன்றோடு வந்ததனை ஐயுறுவர். மறுமுறையும் வர, ஐயம் தெளிவாகி, அதன்மேற் காணும் பனைத்தனை வீடும் தினைத்தனைக் கம்பமும் இசையாகவே தோன்றும். வெட்டு ஒன்றேனும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தாளந்தோறும் வெட்டுவோன் காண்போனுக்கு ஓயாது தாளத்தைச் சுட்டிக்காட்டுகின்றான். கோன்ட்ரியோ காண்போன் தானே கண்டுபிடிக்கும்படி விட்டுவைக்கின்றார். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது.

கத்தரியின் கொடுமை மிகுந்து காணப்படுவது ஆடலிலேயாம். பிறெட் அஸ்ரேர் 1930களிலே தம் ஆடலைப் படமாக்குவோர்க்கு விதித்த விதி யாவரும் அறிந்தது: தலை முதற் பாதம் வரை உடல் முழுவதும் தெரியவேண்டும், இயன்றவரை வெட்டலாகாது. ஆடல் என்பது ஓர் உடல் இடத்தையும் காலத்தையும் தொடர்ச்சியாகக் கடக்குஞ் செயல். பாதத்தை ஒரு துண்டிலும் முகத்தை மறு துண்டிலும் காட்டினால் எஞ்சுவது அசைவேயன்றி ஆடலன்று. இக்காலத்து இசைப் படங்கள் பலவற்றில் வெட்டு விரைந்து விழுதற்குக் காரணம் வேகத்தின்மேற் காதல் என்று கூறப்படினும், ஆடத்தெரியாமையை மறைத்தலே உண்மைக் காரணமாதல் பலகாலும் வெளிப்படை.

ஜோன் லாண்டிஸ் நெறிப்படுத்தி 1983 டிசம்பரில் வெளிவந்த மைக்கல் ஜக்சனின் 'திறில்லர்' ஏறக்குறைய 14 நிமிடம் நீள்வது. அதனை முழுதும் புகழ்தற்கில்லை. முற்பகுதியிலே கதை வளர்கின்றது, பாட்டுக் காத்திருக்கின்றது. பாட்டின் உறுப்புகளும் கதைக்கேற்ப இடமாற்றப்பட்டு, சரணங்கள் ஒருங்கே முன்வர, பல்லவி ஆடல் முடியுந் தறுவாய்வரை ஒத்திவைக்கப்படுகின்றது. இசையை நாடிச் சென்றவன் பொறுமையிழத்தல் இயல்பே. ஆனாற் பிணங்கள் எழுந்து நிரையாக ஆடுமிடம் வந்ததும் கமரா பின்வாங்கிக் கூட்டம் முழுவதையும் பாதத்தோடு காட்டுகின்றது. உலகெங்கும் இளைஞர் அவ்வாடலைப் பார்த்தே பயின்றுகொள்ள முடிந்ததற்கு இதுவே காரணம். பின்னர் 2008இல் ஜேக் நாவா எடுத்த பியோன்சேயின் 'சிங்கிள் லேடீஸ்' இவ்வொழுக்கத்தை இன்னும் இறுக்கமாகப் பேணியது. கறுப்பு வெள்ளை, வெற்றுப் பின்னணி, மூன்று பெண்கள். ஒளி மாறுகின்றது, கமரா சுற்றிவருகின்றது. ஒரே எடுப்பு என்னும் தோற்றம் மட்டும் குலைவதில்லை. பெருஞ்செலவிற் கட்டிய அரங்கங்கள் பல மறக்கப்பட்டிருக்க, இச்சுவர் மறக்கப்படவில்லை.

அண்மைக் காட்சியின் ஆற்றலுக்கு ஜோன் மேபரி 1990இல் நெறிப்படுத்திய 'நதிங் கொம்பெயர்ஸ் ரு யூ' போல வேறோர் எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. கறுத்த பின்னணியிலே அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கொனரின் முகம். அவர் கமராவை நேர்நோக்கிப் பாடுகின்றார். இறுதியை அணுகும்போது கண்ணீர் வடிகின்றது. பாடலிலே தாய் நட்ட மலர்களைப் பற்றிய இடம் வருகின்றது. 1985இல் இறந்த தம் தாயை எண்ணியே அழுததாக அவர் பின்னர்க் கூறினார். மெய்ப்பாட்டை வகுத்த தொல்காப்பியர் அழுகைக்குரிய நிலைக்களன்களுள் இழவையும் ஒன்றாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. இங்கே நடிப்பு மெய்ப்பாடாக மாறிய கணத்தைக் கமரா அசையாது நின்று ஏற்றது, அசைந்திருந்தாற் கெட்டிருக்கும். அப்படத்திலும் ஒரு குறை உண்டு. பாரிஸ் நகர்ப்புறத்துச் சென் குளூ பூங்காவிலே பாடகி கறுப்புடையில் நடந்துசெல்லும் துண்டுகள் இடையிடையே நுழைகின்றன. காண்போன் மூச்சுவிட இடங்கொடுப்பன அவை என்று சிலர் காப்பர். அம்முகத்தின் முன்னே மூச்சுவிட இடம் வேண்டியதில்லை என்பதே பொருந்தும். முகத்தின்மேல் நம்பிக்கை தளர்ந்தபோதெல்லாம் பூங்கா வருகின்றது.

தமிழ்த் திரைப்படம் எம்.ரீ.வீ.க்குப் பல பதிற்றாண்டுகள் முன்னரே பாட்டைப் படமாக்கப் பழகியது. 1948இல் வாசன் தயாரித்து நெறிப்படுத்திய 'சந்திரலேகா'வின் முரசு நடனத்திலே மேலிருந்தும் தூரவிருந்தும் பிடித்த காட்சிகள் முரசுகளின் நிரையையும் அவற்றின்மேல் ஆடுவோரின் தொகையையும் உணர்த்தின. முரசுகளுள் வீரர் ஒளிந்திருத்தல் கதைக்கும் வேண்டியதாயிற்று. பின்வந்த வழக்கமொன்று இதற்கு நேர்மாறானது: பல்லவி தோட்டத்தில், முதற் சரணம் பனிமலையில், அடுத்த சரணம் பாலைவனத்தில், ஒவ்வோரிடத்துக்கும் ஓருடை. இசையிலே அத்தகைய பெயர்ச்சி ஒன்றும் நிகழாதிருக்கப் படம் மாத்திரம் கண்டம்விட்டுக் கண்டம் பாய்கின்றது. மணிரத்தினம் 1998இல் எடுத்த இந்திப் படம் 'தில் சே', தமிழில் 'உயிரே'. அதிலே நீலகிரி மலைப்பாதைப் புகையிரதத்தின் கூரைமீது ஆடப்பெற்ற பாடலில் வெட்டுகள் குறைவல்ல. ஆயினும் ஓடும் வண்டி ஒன்றே எல்லாத் துண்டுகளையும் கோத்துநிற்கின்றது. சந்தோஷ் சிவனின் கமராவுக்கு எதிரே காற்றும் வெயிலும் மலையும் உண்மையானவை. ஆடுவோர் உண்மையாகவே நிலைதடுமாறக்கூடியவர். அந்த இடர் ஆட்டத்தின் ஒவ்வோர் அடியிலும் தெரிகின்றது.

வாயசைப்பைப் பற்றியும் ஒரு சொல். விநாடிக்கு 24 படங்கள் ஓடும் திரையிலே இரண்டு மூன்று படங்கள் உதடு பிந்தினாலும், அண்மைக் காட்சியிற் பாடகர் பொய்யராகிவிடுவார். பயிலாதோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. பயின்றோரோ இதனையே ஒரு கலையாக்கினர். பாட்டை இருமடங்கு விரைவில் ஒலிக்கச்செய்து, விநாடிக்கு 48 படங்களாகப் பிடித்துப் பின் இயல்பான வேகத்திற் காட்டினால், உதடு பாட்டோடு பொருந்தியிருக்க உடலும் கூந்தலும் நீருள் மிதப்பனபோல இயங்கும். கோல்ட்பிளே குழுவின் 'த சயன்ரிஸ்ற்' 2002இல் இன்னும் அப்பாற் சென்றது. ஜேமி திறேவ்ஸ் நெறிப்படுத்திய அப்படம் முழுவதும் பின்னோக்கி ஓடுகின்றது. பாடகர் கிறிஸ் மாட்டின் மட்டும் சொற்களை நேராகப் பாடுகின்றார். இதன்பொருட்டு அவர் பாட்டு முழுவதையும் தலைகீழாக உச்சரிக்கப் பயின்றார். இது வெறும் வித்தை எனத் தள்ளத்தக்கதா? பாட்டு, நிகழ்ந்ததைக் கடந்து தொடக்கத்துக்கு மீள விழைவோனின் இரங்கல். நிலத்திற் கிடந்தவன் எழுந்து, தெருக்களையும் வேலியையும் காட்டையும் பின்னோக்கிக் கடந்து, நொறுங்கிய வாகனத்தை அடைகின்றான். சிதறிய கண்ணாடி ஒன்றுகூடுகின்றது. அருகே இருந்த பெண் உயிரோடிருந்த கணத்துக்குப் படம் சென்று சேர்கின்றது. பாட்டு அங்கே முடிந்துவிடுகின்றது.