மாற்றுலகில் ஷேர்லொக் ஹோம்ஸ்

தொலைக்காட்சித் துப்பறியும் தொடர்களில் ஈடுபாடு கொண்ட இரசிகர்கள், அவற்றின் பாத்திரங்களைப் பிறிதொரு காலத்திலோ சூழலிலோ நிறுத்திக் கதை புனைகின்றனர். மாற்றுலகப் புனைவு எனத்தக்க இவ்வெழுத்து வெறும் பொழுதுபோக்கெனப் புறக்கணிக்கத்தக்கதன்று.

2010இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய பி.பி.சி.யின் ‘ஷேர்லொக்’ தொடரே ஒருவகையில் அத்தகைய புனைவுதான். ஆதர் கொனன் டொயில் 1887இல் அறிமுகப்படுத்திய துப்பறிவாளன் அதில் இருபத்தோராம் நூற்றாண்டு லண்டனில் உலவுகிறான். குதிரை வண்டி போய் வாடகைக் கார் வருகிறது. தந்தி போய்க் கைத்தொலைபேசி வருகிறது. ஆயின் வொட்சன் மட்டும், மூலத்திற் போலவே, ஆப்கானிஸ்தான் போரில் காயமுற்றுத் திரும்பிய இராணுவ மருத்துவனாகவே இருக்கிறான். நூறாண்டுகள் கடந்தும் அவ்விவரத்தை மாற்றும் தேவை எழாமை, பாத்திரத்தைவிட வரலாற்றைப் பற்றியே அதிகம் உணர்த்துகிறது.

இரசிகர் புனைவுகள் சில, இவ்விருவரையும் கோப்பிக் கடையிலோ பள்ளிக்கூடத்திலோ சந்திக்க வைக்கின்றன. அங்கு போருமில்லை, குற்றமுமில்லை. எஞ்சுவது நட்பு மட்டுமே. அந்நட்பு ஏன் அவசியமாயிற்று என்ற வினா அங்கு எழுவதில்லை. மூலக்கதையில் வொட்சனை ஹோம்ஸின் வீட்டுப் பங்காளியாக்கியவை போர்க் காயமும், உற்றாரின்மையும், பணமுடையுமே. சூழலை மாற்றும் எழுத்தாளர் அவற்றுக்கு நிகரான வேறொரு நெருக்கடியைக் கண்டடைதல் வேண்டும்.

பாத்திரமென்பது சூழலிலிருந்து கழற்றியெடுக்கத்தக்க குணங்களின் தொகுதியன்று. எதனை விடலாம், எதனை விடலாகாது எனத் தீர்மானிக்கும் கணத்திலேயே இரசிகன் விமர்சகனாகிறான்.