பிடிங்டன் பக்கம் நிற்பது சுலபம்

அமிதவ் கோஷின் ‘தி ஹங்ரி டைட்’ (2004) நாவலில் கதைக்குள் ஒரு கதை வரும். சுந்தரவனத் தீவொன்றில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நிர்மல், ஃபோகிர் என்ற சின்னப் பையனுக்கு கேனிங் துறைமுகத்தின் கதையைச் சொல்கிறார். ஹூக்ளியில் மண் சேர்ந்துகொண்டே போகிறது, கல்கத்தா துறைமுகம் ஒருநாள் செத்துவிடும் என்று வெள்ளைக்காரர்கள் பயப்படுகிறார்கள். மாத்லா ஆற்றங்கரையில் கல்கத்தாவை மிஞ்சும் ஒரு நகரத்துக்குத் திட்டம் போடுகிறார்கள். ஹென்றி பிடிங்டன் என்ற ஒருவர் மட்டும் வேண்டாம் என்கிறார். யாரும் கேட்கவில்லை. 1867-ல் ஒரு புயல் வருகிறது. அதுகூடப் பெரிய புயல் இல்லை. அதோடு சரி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் படித்துவிட்டு ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். யாரும் மதிக்காத எச்சரிக்கை மெயில் ஒன்றாவது எங்கள் ஒவ்வொருவரிடமும் இருந்தது. பிடிங்டன் எங்கள் ஆள்.

ஆள் லேசுப்பட்டவரும் இல்லை. ‘சைக்ளோன்’ என்ற சொல்லையே 1848-ல் உருவாக்கியவர். 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு அவர் எழுதி அச்சிட்ட கடிதத்தின் சாரம் எளிமையானது: காற்றைவிட, காற்று தள்ளிக்கொண்டு வரும் கடல்நீருக்குத்தான் பயப்பட வேண்டும். 1858-ல் இறந்துபோனார். ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

இப்போது மறுபடி படிக்கும்போது அந்தக் கதை எனக்கு உறுத்துகிறது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் வங்காள வர்த்தக சபையும் அரசுக்கு எழுதியிருந்தது: ஹூக்ளி மோசமாகிறது, மாத்லாவில் துணைத் துறைமுகம் வேண்டும். அந்தப் பயம் பைத்தியக்காரத்தனம் அல்ல. பிற்காலத்தில் ஹால்தியா துறைமுகமும் ஃபராக்கா அணையும் வந்ததற்குப் பின்னால் இருந்ததும் அதே வண்டல்தான். ஆக, ஓர் அறிவாளியும் நாலு முட்டாள்களும் மோதிய கதை இல்லை இது. உண்மையான இரண்டு ஆபத்துகள் எதிரெதிரே நின்றன. ஒன்று தினமும் கணக்கில் நஷ்டமாகத் தெரிந்தது. மற்றது என்றைக்கோ வரப்போவது. நாவல் முதல் ஆபத்தைச் சொல்லிவிட்டுச் சட்டென்று கடந்துவிடுகிறது. மிச்சமிருப்பது நீதிக்கதை: செருக்கு, எச்சரிக்கை, தண்டனை.

‘சொல்வது நிர்மல்தானே, கேட்பது குழந்தைதானே’ என்று கோஷுக்காக வாதாடலாம். தோற்றுப்போன புரட்சிக் கனவுக்காரர் அப்படித்தான் கதை சொல்வார். ஆனால் 2016-ல் ‘தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்’ கட்டுரை நூலில் கோஷ் தன் சொந்தக் குரலில் இதைத் திரும்பச் சொல்லும்போதும் கதையின் வடிவம் மாறவில்லை. தீர்க்கதரிசி ஒருபக்கம், காது கேளாதவர்கள் மறுபக்கம்.

இருந்தாலும் அந்த நூல் நாவலைவிட ஓர் அடி முன்னே போகிறது. மும்பை, சென்னை போன்ற நகரங்களும் காலனிய காலத்தில் அதே துணிச்சலோடு திறந்த கடலோரத்தில் எழுந்தவை என்கிறது. அதாவது, இவையெல்லாம் இன்னும் மூழ்காத கேனிங்குகள். அங்கேயே கோஷ் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் அடித்துப் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் கேனிங் கம்பெனியின் பங்குகளை வாங்க ஆட்கள் அடித்துப் பிடித்தார்கள். கடல்நீர் எப்படி வரும் என்று கண்ணால் பார்த்தவர்கள் ஏன் வாங்கினார்கள்? தெரியாததால் அல்ல. தெரிந்தும் வாங்குகிறவனின் மனசுக்குள் நுழைய நாவலைவிடத் தோதான வடிவம் உண்டா? கோஷ் அந்த மனசுக்குள் போகவில்லை.

எனக்கு அந்த மனசு தெரியும். 2015 டிசம்பரில் வேளச்சேரித் தெருக்களில் படகு போனதைப் பார்த்தவன் நான். மூன்று வருஷம் கழித்து அதே பக்கத்தில்தான் ஃபிளாட் வாங்கினேன். ஆபீஸ் பக்கம், பட்ஜெட்டுக்குள் வந்தது, பையனுக்கு ஸ்கூல் கிடைத்தது. ‘வேண்டாம்டா’ என்று அப்பா சொன்னார். இரண்டாவது மாடிதானேப்பா என்றேன்.

கேனிங்கின் கதையை இனி யாரிடமாவது சொல்வதென்றால், பிடிங்டனாக நின்று சொல்ல எனக்கு வாய் வராது.