சனியை நேருக்கு நேர் பாருங்கள்

திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரர் கோயிலில் சனீஸ்வரன் சந்நிதி முன்னால் சற்று ஒதுங்கி நின்றுதான் பலரும் கும்பிடுகிறார்கள். அவர் பார்வை நேராகத் தம்மேல் விழக்கூடாது என்பது நம்பிக்கை. அது அவரவர் மனசு. வானத்துச் சனியை மட்டும் நேருக்கு நேர் நின்றுதான் பார்க்க வேண்டும். அதற்குத் தோதான இடமும் பக்கத்திலேயே இருக்கிறது: காரைக்கால் கடற்கரை.

கிழக்கு பார்த்த கரை அது. சூரியனுக்கும் சனிக்கும் நடுவே பூமி வரும் நாளில், இந்தப் பக்கம் பொழுது சாய, அந்தப் பக்கம் கடலிலிருந்து சனி ஏறும். 2026-இல் அந்த நாள் அக்டோபர் 4. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்வதற்கு முந்தைய இரவுகளைத் தவறவிடாதீர்கள். தவறினால் தை பிறந்து மேகம் கலைய வேண்டும். அப்போது அந்தி முடிந்ததும் மேற்கு வானில் தேடுங்கள்.

கோயிலில் கறுப்பு வஸ்திரமும் எள் தீபமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வானத்துச் சனியின் நிறம் வியப்பாக இருக்கும். உருக்கிய நெய்யின் வெளிர் மஞ்சள். சுற்றியுள்ள நட்சத்திரங்கள் சிமிட்டும். இது அநேகமாகச் சிமிட்டாது. அடையாளம் அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டால், அருகில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தைக் குறித்து நோட்டில் படம் போட்டு வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். இடம் கொஞ்சம்தான் மாறியிருக்கும். சனியை ரசிப்பது என்றால் முதலில் இந்த நிதானத்தை ரசிப்பதுதான். சூரியனை ஒரு முறை சுற்ற அதற்கு ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டு. பன்னிரண்டு ராசிக்குப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் இரண்டரை ஆண்டு; மூன்று ராசி சேர்ந்தால் ஏழரை. நம் வீடுகளில் அச்சத்தோடு சொல்லும் ஏழரைச் சனிக்கு அடியில் இருப்பது, தலைமுறை தலைமுறையாக வானத்தை அண்ணாந்து பார்த்தவர்களின் கணக்கு.

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் நெருங்கி நின்றன. ஆறே நாளில், டிசம்பர் 27 அன்று, திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி. கோயில் விழாவும் வான் காட்சியும் அப்படி ஒரே வாரத்தில் அமைவது அபூர்வம்.

திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சில நொடி நின்றுபோகின்றன என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி பொய். பொய்யைக் கட்டிச் சொல்லவேண்டிய தேவையே இல்லாத அளவுக்கு அதிசயமானது சனி.

சிறு தொலைநோக்கி ஒன்று கிடைக்கட்டும். நாற்பது மடங்கு பெருக்கிக் காட்டினாலே வளையம் தெரிந்துவிடும். கடல்மட்டத்தை ஒட்டி இருக்கையில் பார்த்தால் காற்றில் உருவம் நெளியும். இரண்டு மணி நேரம் பொறுத்து, சனி உயர ஏறிய பிறகு கண்ணை வையுங்கள். உடனே எடுத்துவிடாதீர்கள். காற்று அசையாமல் நிற்கும் கணங்கள் இடையிடையே வரும். அப்போது கோளமும் வளையமும் தனித்தனியாக, நடுவில் கருத்த இடைவெளியோடு, கூர்மையாகத் தெரியும். பக்கத்தில் ஒரு புள்ளியாக டைட்டன். பதினாறு நாளில் சனியைச் சுற்றிவிடும் நிலா. 1655-இல் வானியலாளர் ஹைகன்ஸ் கண்டது.

அந்த வளையம் இரண்டரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் அகலம். தடிமனோ பெரும்பகுதியில் சில பத்து மீட்டருக்குள். பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகள். விளிம்பு நம் பக்கம் திரும்பினால் வளையமே மறைந்துவிடும். 1612-இல் கலிலியோ திகைத்தது இதைப் பார்த்துத்தான். 2025 மார்ச்சில் மறுபடி அப்படி ஆனது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போகிறது. 2032 வாக்கில் முழு அகலத்தில் தெரியும். ஆண்டுக்கு ஒரு படம் வரைந்து வையுங்கள்.

காரைக்கால் கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த பெயர்ச்சிக்கு ஊருக்கு வரும் லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் சனியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். அந்த ஆண்டு, மழைக்கு முந்தைய இரவுகளில் கடற்கரையில் நான்கு தொலைநோக்கிகளை நிறுத்துங்கள்.